அரை டிரம் அல்லிக் குளம்: ரோஸ் ஹில் வீட்டு முற்றத்தில் ஓராண்டு

மொரிஷியஸில் முற்றத்தில் தண்ணீரைத் தேக்கி வைக்கப் போகிறோம் என்றாலே அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2005-06ல் சிக்குன்குன்யா வந்தபோது மூட்டு வலியோடு மாதக்கணக்கில் கிடந்தவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். பக்கத்துத் தீவான ரீயூனியனில் அந்த ஒரே அலை மூன்றில் ஒரு பங்கு மக்களைப் பிடித்தது. 2023 கடைசியில் கிளம்பிய டெங்கு அடுத்த ஆண்டும் தொடர்ந்தது. இப்படிப்பட்ட ஊரில், 2023 ஆகஸ்டில், ரோஸ் ஹில்லில் இருக்கும் என் சித்தி முற்றத்தில் ஓர் அல்லிக் குளம் வேண்டும் என்றார். சித்தப்பா உடனே, "முதலில் கொசுவுக்கு வழி சொல்லுங்கள், பூவைப் பிறகு பார்ப்போம்" என்றார்.

சித்தப்பா சொன்னதுதான் சரி. இந்தத் தீவில் தொட்டிக் குளம் வைப்பவர் அதை முதலில் கொசுவைப் பிடிக்கும் பொறியாக அமைக்க வேண்டும், அழகெல்லாம் அதற்கு அடுத்துதான். அந்தக் குளத்தை எப்படி அமைத்தோம், ஓராண்டில் அதில் என்னென்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இங்கே பலருக்கும் ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு வேலை இருக்கிறது என்பதுதான் என் கருத்து. அதை வைத்தே குளத்தை அமைக்கலாம்.

வீடும் இடமும்

ரோஸ் ஹில்லில் தலைநகர் போர்ட் லூயிஸின் புழுக்கமும் கிடையாது, மேட்டு நிலத்துக் கியூர்பிப்பின் குளிரும் கிடையாது. 1866, 67ல் மலேரியா பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனபோது, வசதியுள்ளவர்கள் தலைநகரை விட்டு மேட்டு நிலத்துக்கு ஏறினார்கள். ரோஸ் ஹில், கியூர்பிப் போன்ற ஊர்கள் பெருத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கொசுவுக்குப் பயந்து ஏறி வந்த ஊர் இது என்றே சொல்லலாம். மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1973ல் அறிவித்தது. 1975ல் ஜெர்வேஸ் புயலுக்குப் பிறகு அது மறுபடி தலைதூக்கி, பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகே அடங்கியது.

சித்திக்கு முதலில் மொட்டை மாடிதான் மனதில் இருந்தது. வெயில் நன்றாக விழும், பிள்ளைகள் தட்டிவிட மாட்டார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. 58 செ.மீ. அகலமுள்ள டிரம்மில் 40 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் என்றால் நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மண், கல், தொட்டி எல்லாம் சேர்த்தால் 130 கிலோவைத் தாண்டும். அவ்வளவும் கால் சதுர மீட்டர் இடத்தில் உட்காரும். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ தாங்கும் கணக்கில்தான் பொதுவாகக் கட்டுவார்கள். எந்த இடத்தில் உத்தரம் ஓடுகிறது என்று கட்டியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மாடியில் குளம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். சரி, கீழேயே வைப்போம் என்று முடிவானது.

முற்றத்தில் எந்த மூலை? இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் பார்க்கும் தமிழ்த் தோட்ட வீடியோக்கள் பெரும்பாலும் சென்னை, மதுரை, கோவைக்காரர்கள் எடுத்தவை. அவர்கள் சித்திரை வெயிலில் அல்லி நடச் சொன்னால், நமக்கு அது குளிர் தொடங்கப்போகும் காலம். நமக்குப் புரட்டாசி, ஐப்பசியில்தான் செடி துளிர்க்கும். தைப்பூசம் உச்சக் கோடையில் வரும். வெயிலின் திசையும் மாறிவிடும். ஆண்டின் பெரும்பகுதி இங்கே நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது, அதனால் உயரமான சுவருக்குத் தெற்கே வைத்த தொட்டிக்குக் குளிர்காலத்தில் வெயிலே கிடைக்காது. ஆடிக் காற்று மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று அல்லி இலையைப் புரட்டிப் புரட்டிக் கிழித்துவிடும். தென்கிழக்கில் வீட்டுச் சுவர் தடுக்க, வடக்கே திறந்து கிடந்த ஒரு மூலை கிடைத்தது. காலை எட்டரையிலிருந்து மதியம் வரை அங்கே வெயில் விழும். பக்கத்திலேயே கறிவேப்பிலை மரம். அதன் சருகு சின்னது, அள்ளிவிடலாம். மாமரத்தின் அடியை மட்டும் தவிர்த்தோம்.

டிரம்

சந்தைக்காரர் ஒருவரிடம் வாங்கிய 200 லிட்டர் நீல டிரம் அது. முன்பு அதில் இருந்தது வினிகர். சாப்பாட்டுப் பொருள் வந்த டிரம்தான் வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். பூச்சிமருந்தோ எண்ணெயோ இருந்தது என்றால் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம், இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். சித்தப்பா நடுவில் கோடு போட்டு அறுத்தார், விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தார். அடிப்பகுதி குளமானது. மூடிகள் இருக்கும் மேல் பாதியைக் கவிழ்த்து ஓரமாக வைத்தோம்.

விளிம்பிலிருந்து நான்கு செ.மீ. கீழே இரண்டு செ.மீ. அகலத்தில் ஒரு துளை போட்டு, உள்பக்கம் துருப்பிடிக்காத சல்லடைக் கம்பி வலையைப் பொருத்தினோம். மழை நீர் வழிய இந்தத் துளை. வலை இல்லாவிட்டால் முதல் பெருமழையிலேயே மீன் சாக்கடைக்குப் போய்விடும். தரையில் மணல் பரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்து டிரம்மை உட்கார வைத்தோம். நிரப்பிய பிறகு ஒரு பக்கம் சாய்ந்தால் அசைக்கவே முடியாது.

பாதி உயரம் மண்ணில் புதைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று சித்தி நினைத்தார். தேரைக்காக வேண்டாம் என்றேன். இந்தத் தீவுக்குச் சொந்தமான தவளையோ தேரையோ கிடையாது. கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க 1922ல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட தேரைதான் இன்று எல்லா முற்றத்திலும் இரவில் உலாவுகிறது. தரைமட்டத்தில் தண்ணீர் கிடைத்தால் இரட்டைச் சரமாகக் கறுப்பு முட்டைகளை இட்டுவிட்டுப் போகும். ஆயிரக்கணக்கான தலைப்பிரட்டைகள் வந்தால் சின்னத் தொட்டி தாங்காது. அவை கொசுப் புழுவையும் பெரிதாகத் தின்பதில்லை. வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவர் அரை மீட்டருக்குக் கிட்ட நின்றதால் ஓராண்டில் ஒரு தேரைகூட ஏறவில்லை.

மண்

தொட்டிக் குளம் வைத்துக் கைவிட்டவர்களின் வீடுகளில் நான் பார்த்தவரை, பாதி தோல்வி மண்ணில்தான் தொடங்கியிருக்கிறது. கடையில் பையில் விற்கும் தொட்டி மண் வேண்டவே வேண்டாம். அதில் தென்னை நாரும் மக்கிய உரமும் நிறைய. நார் மிதந்து மேலே வரும், உரம் தண்ணீரில் கரைந்து பாசிக்கு விருந்து வைக்கும். நமக்கு வேண்டியது உரம் கலக்காத, கனமான தோட்ட மண். ஈரப்படுத்தி உள்ளங்கையில் உருட்டினால் கயிறு மாதிரி நீள வேண்டும், பொலபொலவென்று உதிரக் கூடாது. எரிமலைப் பாறை கரைந்து உண்டான நம் செம்மண்ணில் கல்லைப் பொறுக்கிவிட்டால் அது தாராளமாகப் போதும். சித்தி வீட்டுக் கொல்லையிலேயே கிடைத்தது.

மண்ணின் மேல் இரண்டு செ.மீ. கனத்துக்கு மணல் மூட வேண்டும், இல்லையென்றால் மீன் கிளறிக் கிளறித் தண்ணீர் எப்போதும் கலங்கியே இருக்கும். எந்த மணல்? கடல் மணல் வெறும் பவளத் துகள். அது மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கும், காரத் தன்மையையும் கூட்டும். அதோடு, கடற்கழியில் மணல் அள்ளுவதை 2001ல் அரசு தடை செய்ததிலிருந்து கட்டட வேலைக்கே பாறையை உடைத்த ராக்சாண்ட்தான் பயன்படுகிறது. அதையே வாங்கினோம். அதில் மாவு மாதிரி கல் தூசி இருக்கும். வாளியில் போட்டுக் கிளறி, சாம்பல் நிறத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி கிளறி, தெளிவாக வரும்வரை அலச வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. கொட்டிய தண்ணீரெல்லாம் கறிவேப்பிலைக்குப் போனது.

செடி வைக்க 25 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் உள்ள பிளாஸ்டிக் பேசின். அல்லி வேர் ஆழத்தைவிட அகலத்தைத்தான் தேடும். மண் நிரப்பிய பேசினை நேராகக் குளத்தில் இறக்கவில்லை. முதலில் தனி வாளியில் ஊறவிட்டு, காற்றுக் குமிழியெல்லாம் வெளியேறிய பிறகு சாய்த்துப் பிடித்து மெல்ல இறக்கினோம். அப்படியும் கொஞ்சம் கலங்கத்தான் செய்தது, இரண்டு நாளில் தெளிந்தது.

செடிகள்

சித்தியின் பேத்தி ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள். பாம்ப்ளெமூஸ் தாவரவியல் தோட்டத்தில் பார்த்த ராட்சத அல்லிதான் வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அந்த இலை ஒன்றே இரண்டு மீட்டர் அகலம் போகும் என்று முற்றத்தில் நாடாவைப் பிடித்துக் காட்டிய பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

நூறு லிட்டருக்கு ஒரே ஓர் அல்லி, அதற்கு மேல் வேண்டாம். நாங்கள் தேர்ந்தெடுத்தது டாபெனியானா என்ற வெளிர்நீல வகை. சின்ன இடத்தில் அடங்கும், மற்ற அல்லிகளைவிடக் குறைந்த வெயிலிலும் பூக்கும். இன்னொரு குணமும் உண்டு. இலை காம்போடு சேரும் இடத்தில், இலையின் முகத்தில், பச்சைப்பயறு அளவுக்கு ஒரு முடிச்சு தோன்றும். சில வாரத்தில் அது பிளந்து நகக்கண் அளவு குட்டி இலைகள் வரும், அடியில் வெள்ளை வேர் நூல் இறங்கும். தாய் இலை பழுத்து அழுகும்போது குட்டி தானே கழன்று மிதக்கும். எடுத்து மண்ணில் அழுத்தினால் புதுச் செடி. எங்களுடையதும் தெரிந்தவர் வீட்டுக் குளத்திலிருந்து வந்த அப்படி ஒரு குட்டிதான். பேசின் நடுவில், குருத்து மண்ணில் மூடாதபடி நட்டோம். முதலில் செங்கல் மேல் வைத்து, குருத்துக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் மட்டும் நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். இலைக் காம்பு நீள நீள ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துக் கீழே இறக்கினோம்.

ஓரத்தில் ஒரு சேம்பு. பிரேட் சோஞ் என்று சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் அதே கீரைச் சேம்புதான். கிழங்கின் கழுத்து நீர்மட்டத்தில் இருக்க வேண்டும். நன்றாக வளர்ந்தது, புளி விட்டு மசித்த கீரையாக ஏழு கறி விருந்து இலையிலும் ஒரு முறை ஏறியது. ஒரு வலைக் கூடையில் கிரெசோன் (வாட்டர்கிரெஸ்) கீரைத் தண்டுகள். அவற்றின் வேர் தண்ணீரில் தொங்கியபடி, மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டை உறிஞ்சும். தொட்டிக் கீரையைச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும், பச்சையாக வேண்டாம். நீருக்குள் வேரில்லாமல் மிதக்கும் ஹார்ன்வோர்ட் ஒரு கைப்பிடி. மீன் கடைகளில் அந்தப் பெயரில்தான் கிடைக்கிறது. அதுவும் தண்ணீரில் கரைந்த சத்தை எடுத்துக்கொள்ளும், பகலில் ஆக்சிஜன் தரும்.

எதிர் வீட்டு அக்கா அன்பாக ஒரு வாளி வெங்காயத் தாமரை கொண்டுவந்து தந்தார். ஊதாப் பூ அழகுதான். ஆனால் கோடையில் ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது. மிஞ்சியதை யாராவது கால்வாயில் வீசினால், அடுத்த மழையில் ஆற்றுக்குப் போய் அங்கே தண்ணீரையே மூடிவிடும். நன்றி சொல்லி வாங்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் போட்டோம். அக்காவிடம் காரணத்தையும் சொன்னோம், அவரும் தன் தொட்டியை வெளியே கொட்டாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

மீன் வருவதற்கு முந்தைய இடைவெளி

மொரிஷியஸுக்கு என்றே யோசிக்க வேண்டிய கட்டம் இது. புதுக் குளத்தில் உடனே மீன் விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் வேரிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆனால் மீன் இல்லாத தண்ணீரில் நான்கு வாரம் என்பது கொசுவுக்கு நல்ல காலம். கோடையில் முட்டை பொரிந்து கொசு பறக்கப் பத்து நாள்கூட ஆகாது. இந்த இடைவெளியைப் பற்றி வீடியோக்கள் அநேகமாகப் பேசுவதே இல்லை. குளிர்ந்த நாட்டுக்காரர்களுக்கு அது பெரிய விஷயமில்லை, நமக்கு உயிர் விஷயம்.

சித்தி பழைய கொசுவலையை வட்டமாக வெட்டி, ஓரத்தில் எலாஸ்டிக் கோர்த்து, டிரம்மின் வாயில் தொப்பி போல மாட்டும்படி தைத்தார். செடி நட்ட நாள் முதல் மீன் விட்ட நாள் வரை அது கழற்றப்படவே இல்லை, பார்க்க எடுத்தால் உடனே திரும்ப மாட்டினோம். வெயில் போதுமான அளவு உள்ளே இறங்கியது. வலை போட முடியாதவர்களுக்கு பி.டி.ஐ. மாத்திரை உண்டு. 1976ல் இஸ்ரேலில் கண்டெடுத்த ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து செய்வது. கொசுப் புழு தின்றால் அதன் குடலை அழிக்கும், மீனையும் செடியையும் ஒன்றும் செய்யாது.

செப்டம்பர் கடைசியில், சோதனைத் தாளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் காட்டாத நிலை வந்ததும் ஆறு கப்பி மீன்கள் வந்தன. ஆறும் ஆண். பெண் கப்பி உருவில் பெரியது, அதிகப் புழு தின்னும் என்பது உண்மை. ஆனால் மாதம் ஒரு முறை குட்டி போடும், முன்பு சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதம் உடலில் வைத்திருக்கும். நூறு லிட்டரில் அறுபது மீன் ஆனால் தண்ணீர் கெடும், மிஞ்சியதை ஆற்றில் விடத் தோன்றும். கப்பி இந்தத் தீவின் மீன் இல்லை, அதை ஓடையில் விடக் கூடாது. நீளமான வால் கொண்ட அலங்கார வகையைவிடக் கட்டை வால் சாதாரணக் கப்பிதான் முற்றத்தில் நிற்கும். மேல் நோக்கிய வாயால் நீர்ப்பரப்பை ஒட்டிய காற்றோட்டமான நீரை எடுத்துக்கொள்வதால் பம்பு இல்லாமலேயே பிழைக்கும். தீனி போட வேண்டாம் என்று பேத்தியிடம் திரும்பத் திரும்பச் சொன்னோம். வயிறு நிறைந்த மீன் வேட்டைக்குப் போகாது.

பச்சைத் தண்ணீர்

அக்டோபரில் வெயில் ஏற ஏற தண்ணீர் பச்சையானது. பட்டாணி வேகவைத்த சாறு மாதிரி ஒரு நிறம். சித்திக்கு மனம் விட்டுப்போனது. "என்னப்பா, இவ்வளவு செய்தும் சாக்கடை மாதிரி ஆயிடுச்சே" என்றார். கடையில் பாசி மருந்து ஊற்றச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். ஒரே நாளில் செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் திணறும், பாசி விட்ட சத்தைத் தின்று அடுத்த பாசி வரும். தண்ணீரை மாற்றுவதும் அப்படித்தான், புதுத் தண்ணீர் புதுச் சத்தோடு வரும்.

பச்சைத் தண்ணீர் என்றால் வெயிலும் சத்தும் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளச் செடி போதவில்லை என்று பொருள். அல்லி இலை நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல், முடிந்தால் மூன்றில் இரண்டு பங்கு மூடினால் பாசி தானே அடங்கும். அதுவரை மதிய வெயிலுக்கு ஒரு கோணியைப் பாதி வாயில் விரித்தோம், ஹார்ன்வோர்ட்டை இரட்டிப்பாக்கினோம். சித்தப்பா ஒரு வேலை செய்தார், எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய வெள்ளை எனாமல் தட்டு ஒன்றில் மூன்று இடத்தில் நூல் கட்டி, ஒரு கம்பி அளவுகோலோடு சேர்த்துத் தண்ணீரில் இறக்குவார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தை நாட்காட்டியில் எழுதுவார். முதலில் பத்து செ.மீ.யிலேயே மறைந்தது. எண்கள் மெல்ல ஏறின, ஒரு வாரம் இறங்கின, மறுபடி ஏறின. நவம்பர் நடுவில் தட்டு அடிமணலில் உட்கார்ந்தபோதும் அதன் நீல விளிம்பு தெரிந்தது. பொறுமை இழந்திருந்த சித்தியை அந்த நாட்காட்டி எண்கள்தான் தாங்கிப் பிடித்தன.

புழு இருந்த இடம்

டிசம்பரில் டெங்குச் செய்தி வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் குளத்தைச் சோதிப்பது என்று முன்பே வைத்திருந்தோம். வெள்ளைக் கரண்டியால் ஓரத்தில் அள்ளி, வெளிச்சத்தில் பார்ப்பது. குளத்தில் ஒரு புழுகூட இல்லை. ஆனால் கரண்டி கையில் இருந்ததால் சித்தப்பா மற்ற இடங்களையும் பார்க்கத் தொடங்கினார். செம்பருத்தித் தொட்டியின் அடித்தட்டில் புழு. தார்ப்பாய் மடிப்பில் புழு. வேலிக்கு வெட்டி நட்ட மூங்கிலின் மேல் குழியில் புழு. தண்ணீர்த் தொட்டி மூடியின் பள்ளத்திலும் இருந்தது. நிழல் பட்டதும் துள்ளித் துள்ளிக் கீழே போகும், பிறகு வாலை மேலே காட்டிச் சாய்ந்து தொங்கும்.

டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் இங்கே பரப்பும் புலிக்கொசுவின் பழக்கமே இதுதான். அதற்கு ஒரு கை அளவு தண்ணீர் போதும். முட்டையைத் தண்ணீரில் இடாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரியும். தட்டைக் கவிழ்த்துவிட்டால் போதும் என்பது அரைகுறை வேலை, தேய்த்துக் கழுவினால்தான் முட்டை போகும். கறுத்த உட்சுவர் உள்ள பாத்திரங்களை அது தேடி வரும். எங்கள் டிரம்முக்கும் வந்து முட்டையிட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். பொரிந்ததை மீன் தின்றுவிடுகிறது. அந்த விதத்தில் மீனுள்ள குளம், மீனில்லாத ஒரு சாசரைவிடப் பாதுகாப்பானது.

நீர்மட்டம் இறங்கி ஏறுவதைக் கவனிக்க வேண்டியதும் இதனால்தான். கோடையில் நாளுக்கு அரை செ.மீ. ஆவியாகும். எங்கள் டிரம்மின் அகலத்துக்கு அது ஒண்ணேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல், வாரத்துக்கு ஒன்பது, பத்து லிட்டர். ஞாயிறுதோறும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் வெளிப்பட்ட சுவர் வளையத்தைப் பிரஷ்ஷால் தேய்ப்பதைச் சித்தப்பா விடவே இல்லை. ஊற்றும் தண்ணீர் இரண்டு நாள் வாளியில் வலை மூடி நின்றது, குளோரின் போன பிறகுதான் குளத்துக்கு.

சுகாதாரத் துறையினர் வீடு வீடாக வந்தபோது நேராக டிரம்மிடம்தான் போனார்கள். அள்ளிப் பார்த்தார்கள், மீனைப் பார்த்தார்கள், பிறகு கூரைத் தாழ்வாரக் குழாயைக் காட்டி அதில் இலை அடைத்திருக்கிறது என்றார்கள். உண்மைதான், அடைத்திருந்தது. அன்றே சுத்தம் செய்யப்பட்டது.

பெலால்

2024 ஜனவரி 15ல் பெலால் புயல். போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். முந்தின நாள் சித்தப்பா குளத்தில் ஒரு சாண் தண்ணீரை இறைத்தார், சேம்பை எடுத்துச் சமையலறையில் வைத்தார், வலைத் தொப்பியை மாட்டி மேலே கயிறு சுற்றிக் கட்டினார். பாதி இறைத்த பிறகும் டிரம் எழுபது கிலோவுக்குக் குறையாது. காற்று அதை அசைக்கவில்லை.

வலிந்து பெய்த மழையில் சருகு வந்து வழிதுளையை அடைத்தது, தண்ணீர் விளிம்பு மேலேயே வழிந்தது. மீன் ஆறும் வலைக்குள்ளேயே இருந்தன. கரண்ட் போயிருந்தது. பம்பும் வடிகட்டியும் வைத்த ஒரு நண்பர் வீட்டுக் குளத்தில் அந்த இரவில் மீன் செத்தது. அது மீனை நெருக்கமாக அடைத்த குளம், பம்பு நின்றதும் மூச்சு முட்டியது. புயல் தீவில் சிறு குளம் பம்பு இல்லாமலேயே வாழும்படி மீனைக் குறைத்து வைப்பதுதான் நல்லது என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

சேதம் புயலுக்குப் பிறகுதான் வந்தது. குழாயில் தண்ணீர் நின்று மறுபடி வந்தபோது குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது. வெள்ளத்துக்குப் பிறகு குடிநீரில் குளோரினைக் கூட்டுவது அவசியமான காரியம். உதவிக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், குளம் கலங்கியிருக்கிறதே என்று நேராகக் குழாயை விட்டு நிரப்பிவிட்டார். மாலைக்குள் இரண்டு கப்பிகள் மிதந்தன. மிஞ்சிய நான்கையும் வாளியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரில் கொஞ்சம் குளத்து நீரைக் கலந்து மாற்றினோம், இரண்டு நாள் கழித்து ஒரு வேளைக்குக் கொஞ்சமாகக் குளத்து நீரைச் சேர்த்துத் திரும்ப விட்டோம். நான்கும் பிழைத்தன. குழாய் இணையும் இடத்தில் சித்தி இப்போது ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கிறார்: "குளத்துக்கு வாளித் தண்ணீர் மட்டும்."

கிழிந்த இலைகளைக் காம்போடு வெட்டி எடுத்தோம், அழுக விடவில்லை. அல்லிக் குருத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜனவரி 25 காவடி. விரதத்தின் கடைசி நாட்களில் ஒரு மொட்டு மேலே வந்தது. பகலில் விரியும் அல்லி முற்பகலில் திறந்து பிற்பகலில் மூடும், அப்படி மூன்று நான்கு நாள். திறந்த முதல் நாள் காலையிலேயே வெட்டினால்தான் பூசை முடியும்வரை முகம் வாடாது. சித்தி அதை வேலுக்கு முன் வைத்தார். கோவிலுக்குக் கொண்டுபோகவில்லை, வழியிலேயே மூடிக்கொள்ளும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

குளிர்காலமும் மேல் பாதி டிரம்மும்

மே மாதத்திலிருந்து அல்லி சுருங்கியது. இலை சின்னதானது, பூ நின்றது. உரம் போடுவதை நிறுத்தினோம். வளரும் காலத்தில் மாதம் ஒரு முறை மண்ணுக்குள் அழுத்திப் புதைக்கும் மாத்திரை உரம் அது, தண்ணீரில் தூவும் உரம் எப்போதும் கூடாது. கிரெசோனுக்கு மாறாகக் குளிர்தான் பிடிக்கும், கோடையில் நைந்து கிடந்த தண்டுகள் ஜூலையில் கூடையை விட்டு வழிந்தன. அதிகாலைத் தண்ணீர் பதினேழு, பதினெட்டு டிகிரிக்கு இறங்கியபோது கப்பிகள் அடியில் அசையாமல் நின்றன, வெயில் வந்ததும் மேலே வந்தன. கியூர்பிப் பக்கம் இன்னும் குளிரும், அங்கே கப்பியை நம்ப வேண்டாம். குளிர் மாதங்களுக்கு வலைத் தொப்பியும் பி.டி.ஐ.யும்தான் சரி. போர்ட் லூயிஸில் நேர்மாறான தொல்லை, ஜனவரி மதியத்துக்கு நிழல் கட்டாவிட்டால் தண்ணீர் வெந்நீராகிவிடும்.

ஓரமாகக் கவிழ்ந்து கிடந்த மேல் பாதியில் இந்த செப்டம்பரில் தாமரை வைக்கப் போகிறோம். அதில் அல்லி கிடையாது. தாமரைக் கிழங்கு சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடும், மூலை இல்லாத வட்டப் பாத்திரம் அதற்கு ஏற்றது, ஆனால் மொத்த டிரம்மும் அதற்கே வேண்டும். பேசின் இல்லாமல் நேராக ஒரு சாண் மண், அதன் மேல் முதலில் ஐந்தாறு செ.மீ. தண்ணீர்தான். அடியாகப் போகும் மூடிகள் இரண்டையும் ரப்பர் வளையம் மாற்றி இறுக்கி, செங்கல் மேல் தூக்கி வைத்துக் கசிவு பார்த்தாயிற்று. ஒரு மூடியைத் திறந்தால் தண்ணீரை வடிக்கலாம் என்பது இதில் கூடுதல் வசதி. தாமரை விதையின் ஓடு கல் மாதிரி, அப்படியே போட்டால் முளைக்காது. குழிந்த முனையில் உள்ளே இருக்கும் வெளிர்நிறம் தெரியும்வரை உப்புத்தாளில் தேய்த்து வெதுவெதுப்பான நீரில் போட்டால் ஒரு வாரத்துக்குள் முளை நீளும். தேய்க்கும் வேலையைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். விதையிலிருந்து வந்த செடி முதல் ஆண்டே பூக்கும் என்று அவளிடம் சொல்லவில்லை, பெரும்பாலும் இரண்டாம் கோடை ஆகும். ஆழம் குறைந்த தண்ணீரில் மீன் விட முடியாத அந்த முதல் மாதங்களுக்கான வலைத் தொப்பியைச் சித்தி தைத்து முடித்துவிட்டார்.